மதுரையிலிருந்து மலைக்கு: கிராவலும் சாலையும் சேர்ந்த ஆண்டுச் சைக்கிள் விழாவுக்கு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் மலைச்சாலையில் சைக்கிளில் ஏற முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இறங்க முடியுமா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஏறும்போது தவறு செய்தால் மூச்சு வாங்கும், காலை ஊன்றி நின்றுகொள்ளலாம். இறங்கும்போது செய்யும் தவறுக்கு நின்று யோசிக்க இடம் கிடைப்பதில்லை. மதுரையில் எங்கள் நண்பர் வட்டம் ஆண்டுக்கு ஒருமுறை கூடி நடத்தும் மூன்று நாள் மலைச் சைக்கிள் விழாவுக்கு, நாள் குறிப்பதிலிருந்து கடைசி ஆளைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சிறுமலை அடிவாரத்தின் தார் போடாத சரளை, மண் பாதைகளில் கிராவல் ஓட்டம், சனிக்கிழமை கொடைக்கானல் ஏற்றம், ஞாயிறு காலை இறக்கம் என்பதே பல ஆண்டுகள் தட்டுத்தடுமாறி நாங்கள் கண்டடைந்த ஒழுங்கு. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் போன்ற பெரும் சைக்கிள் பயணங்களுக்குரிய ஆள்பலமும் பணபலமும் முப்பது பேர் கூடும் இத்தகைய விழாவுக்குத் தேவையில்லை. ஆனால் அவர்கள் காட்டும் கவனத்தில் ஒரு துளியையும் குறைத்துக்கொள்ள முடியாது.

முதல் படி: நாள் குறித்தல்

மலைக்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கடினம். ஆனியிலும் ஆடியிலும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் மேற்குக் காற்று முகத்தில் அறையும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் தேனிச் சாலையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து மலைச்சாலையில் மண் சரிவதும் மரம் சாய்வதும் உண்டு. பொங்கலை ஒட்டிய நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளுக்காகச் சாலைகள் திருப்பிவிடப்படுகின்றன; அது முடிந்ததும் தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் முழுவதையும் நிறைத்துவிடுகிறது. காவடியோடு வெறுங்காலில் நடப்பவர்களின் நடுவே மணியடித்துக்கொண்டு போவது மரியாதையும் அன்று, பாதுகாப்பும் அன்று. சித்திரை, வைகாசி கொடைக்கானலின் சீசன். அப்போது சாலை கார்களுக்கே போதாது.

எஞ்சுவது தைப்பூசம் முடிந்த அடுத்த ஒன்றிரண்டு வாரங்கள். அதையும் தாண்டித் தள்ளிப்போடக் கூடாது. மாசி பிற்பகுதியிலிருந்து மலைப்புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இரண்டாம் படி: தடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மதுரையைச் சுற்றிச் சைக்கிளுக்கு ஏற்ற மலைச்சாலைகள் பல உள்ளன. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை புதியவர்களுக்கு ஏற்றது. போகும் வழியில் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தை அது விளையும் இடத்திலேயே வாங்கித் தின்னலாம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை 17 வளைவுகளைக் கொண்டது. ஆனால் அது கேரளத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை என்பதால் சரக்கு லாரிகளுக்குக் குறைவில்லை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலை அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும் என்றாலும், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அது போவதால் முப்பது பேர் கூடும் விழாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விழாவின் முதன்மைத் தடமாக வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் கொடைக்கானல் சாலையையே வைத்திருக்கிறோம். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 120 கி.மீ. வத்தலக்குண்டைத் தாண்டிப் பெரியகுளம் சாலையில் வரும் காட்ரோடு பிரிவில்தான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் சுமார் 1,800 மீட்டர் ஏற வேண்டும். அதாவது நூறு மீட்டர் போனால் நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவாக உயரம் கூடுகிறது. செங்குத்தான சாலை என்று இதைச் சொல்ல முடியாது. இதன் கடுமை நீளத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து ரயிலில் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை: ‘கொடைக்கானல் ரோடு’ என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்து மலை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம், அங்கிருந்து ஊர் போய்ச் சேர ஏறத்தாழ 80 கி.மீ. இருக்கிறது.

கிராவல் ஓட்டத்துக்கு மலைக்கு மேலே காட்டுப்பாதையைத் தேட வேண்டியதில்லை, தேடவும் கூடாது. பழனி மலையின் காடுகளில் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். கிராவல் என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது லாரியில் வந்து இறங்குகிற கிராவல் மண் கொட்டிய பாதைகளும், கப்பி பெயர்ந்த பழைய ரோடுகளும், கண்மாய்க் கரைகளும் வாடிப்பட்டி, குட்லாடம்பட்டி, பாலமேடு, சாத்தியாறு அணை வட்டாரத்தில் வேண்டிய மட்டும் கிடக்கின்றன. பேரணையிலிருந்து பிரிந்து வரும் பெரியாறு பிரதான கால்வாயின் கரையையும் சேர்த்துக்கொண்டால், இடது கைப்பக்கம் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே 50 கிலோமீட்டருக்குள் அருமையான ஒரு சுற்று அமைந்துவிடும்.

மூன்றாம் படி: அனுமதிகள்

காட்ரோடு தேனி மாவட்ட எல்லையிலும், மலை திண்டுக்கல் மாவட்டத்திலும், கிராவல் சுற்று மதுரை மாவட்டத்திலும் வருவதால் மூன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கால்வாய்க் கரைக்கு நீர்வளத் துறையின் பாசனப் பிரிவிலும், கண்மாய்க் கரைக்கு அந்தந்த ஊராட்சியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியுள்ளது. சைக்கிளுக்கு அந்தக் கவலை இல்லையென்றாலும் பின்னால் வரும் துணை வண்டிக்கு முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் கட்டுப்பாடு இருப்பதால், இருபது லிட்டர் கேனை ஏற்றிக்கொண்டு அவரவர் புட்டியில் நிரப்பிக்கொள்வதே முறை.

நான்காம் படி: வண்டியைத் தயார் செய்தல்

விலை உயர்ந்த வண்டி வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வேண்டியது எளிய கியர். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல்லும், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லும் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் கிடைக்கும். வளைவுகளில் வரும் கடும் ஏற்றத்தையும் முழங்கால் நோகாமல் கடக்க இது போதும். பின்பக்கம் 25 பல்லோடு நின்றுவிடும் வண்டியை வைத்திருப்பவர்கள், அதை மாற்றிக்கொள்ளும் செலவைக் கால்வலி மாத்திரைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டயரைப் பொறுத்தவரை, மலைச்சாலைக்கு 28 மி.மீ. அகலமும் கிராவலுக்கு 38 முதல் 42 மி.மீ. அகலமும் ஏற்றவை. ஒரே வண்டியில் மூன்று நாளையும் ஓட்ட விரும்புவோர் 35 மி.மீ. டயர் போட்டுக்கொண்டால் இரண்டு இடத்திலும் ஓரளவு பாதுகாப்பாகப் போகலாம். சாலையில் அதனால் இழக்கும் வேகத்தை இந்த விழாவில் யாரும் அளக்கப்போவதில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 75 பி.எஸ்.ஐ. (பம்ப் காட்டும் காற்றழுத்தம்) அளவிலும், 40 மி.மீ. டயரில் 40 பி.எஸ்.ஐ. அளவிலும் காற்று வைத்துத் தொடங்கலாம். டியூப் இல்லாத டயரில் இன்னும் சற்றுக் குறைக்கலாம்.

பிரேக்கைத்தான் பெரும்பாலோர் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுவே. சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் கோடுகள் தேய்ந்து மறையும் நிலையில் இருந்தால் ‘இன்னும் ஒரு பயணம் தாங்கும்’ என்று நினைக்காமல் மாற்றிவிட வேண்டும். கட்டையின் பரப்பைக் கூர்ந்து பார்த்தால் வெள்ளிப் பொடி போல அலுமினியத் துணுக்குகள் பதிந்திருக்கும். ஊசி முனையால் அவற்றை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் பிடிமானம் திரும்பிவிடும். சக்கரத்தின் நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் கட்டையின் தடிமனைப் பார்க்க வேண்டும். தகட்டில் எண்ணெய்க் கை படவிடக் கூடாது. கேபிள் பிரிந்து ஒரு நூல் வெளியே எட்டிப்பார்த்தாலும் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: பத்து வாரப் பயிற்சி

சமவெளியில் இருந்துகொண்டு மலைக்குப் பழகுவது எப்படி என்பது மதுரைக்காரர்களின் நிரந்தரக் கேள்வி. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் மிதிப்பதே அடிப்படை. சற்றுக் கனமான கியரில், எதிர்காற்றில், உட்கார்ந்தபடியே இருபது நிமிடம் மிதிக்கும் பயிற்சி நீண்ட ஏற்றத்துக்கு நெருங்கிய மாற்று. ஞாயிறுதோறும் தொலைவைக் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரத்தில் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரையும், ஆறாவது, எட்டாவது வாரங்களில் சிறுமலைக்கும் ஏறி இறங்க வேண்டும். கடைசி வாரம் உடலுக்கு ஓய்வு. சிறுமலையில் ஏறிய நேரத்தை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு பெருமைப்படுவோர், இறங்கியபோது எந்த வளைவில் கை நடுங்கியது என்பதையும் சேர்த்துக் குறித்துவைத்தால் விழாவில் உதவும்.

ஆறாம் படி: வெள்ளிக்கிழமை, கிராவல்

கிராவலை முதல் நாளில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தளர்ந்த நட்டு, பிடி இழந்த பிரேக், ஆட்டம் கண்ட ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் மண்தடம் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். மலையில் தெரியவருவதைவிட வாடிப்பட்டியில் தெரியவருவது நல்லது.

இந்த வட்டாரத்தின் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். கரையோரத்தில் வெட்டிப் போட்ட கிளை காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. பஞ்சரான டியூபை மாற்றியதும் காற்றடித்துக் கிளம்பிவிடுகிறவர் பத்து நிமிடத்தில் மறுபடி நிற்பார், ஏனெனில் ஒடிந்த முள்முனை டயருக்குள்ளேயே இருந்திருக்கும். டயரைக் கழற்றி, உட்புறத்தில் ஒரு பழந்துணியை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தால், முள் இருக்கும் இடத்தில் துணியின் நூல் மாட்டி நிற்கும். அந்த இடத்தை வெளிப்பக்கமாக வளைத்து, முனையைக் குறடால் பிடித்து இழுத்துவிட வேண்டும். விரலை வைத்துத் தேடுகிறவருக்கு முள் கிடைக்கும், விரலிலேயே. தரையோடு படரும் நெருஞ்சியும் இதே வேலையைச் செய்யும் என்பதால் ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், பம்ப் ஆகியவை கட்டாயம். டியூப் இல்லாத டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் பசைநீர் ஊற்றி ஓட்டுபவர்களை இந்த முட்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் செலவு தகும்.

அறுவடைக் காலம் என்பதால் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று கொள்ளும் எள்ளும் பரப்பியிருப்பார்கள். காயும் நெல்லின் மேல் சக்கரம் படக் கூடாது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதே பண்பு. கதிர்த்தாளின் மீது ஓட்டினால் அது செயினோடு சேர்ந்து பின்பக்கக் கியர் மாற்றியில் சுற்றி, அதை முறித்தே விடக்கூடும். கண்மாயின் மிகுநீர் வழியும் கலிங்கில் மெல்லிய நீர் ஓடிக்கொண்டிருந்தால் அடியில் பாசி இருக்கிறது என்று பொருள். அங்கே ஓட்டிக்காட்ட முயன்றவர்கள் அத்தனை பேரும் நனைந்திருக்கிறார்கள். சரளை இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளி, பின் பிரேக்கை முதன்மையாகக் கொண்டு, முன் பிரேக்கை ஒரே விரலால் தொட்டுத் தொட்டு விட வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் போகும் பழக்கத்தை இந்த நாளில் கற்றுக்கொண்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை பாதி எளிதாகிவிடும்.

ஏழாம் படி: சனிக்கிழமை, ஏற்றம்

வத்தலக்குண்டில் விடிவதற்கு முன் கூடி, வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே வழிகாட்ட ஒருவர், கடைசியில் யாரையும் விடாமல் சேர்த்துக்கொண்டு வர ஒருவர். குழுக்களுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி இருந்தால்தான் பின்னால் வரும் பேருந்து முந்திப் போக முடியும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்தச் சரிவில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 130 வாட் ஆற்றல் தேவைப்படும். பழகிய உடல் இதைப் பேசிக்கொண்டே தரும். அப்படியானால் காட்ரோட்டிலிருந்து மேலே நான்கு மணி நேரம், நிற்கும் நேரம் தனி. முதல் பத்து கிலோமீட்டரில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம் என்று பொருள். டம்டம் பாறையில் நின்று, 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூலாக விழும் தலையாறு அருவியைப் பார்ப்பது பாதி ஓய்வு, பாதி பரிசு. அதன் பிறகு ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று சாலை ஒவ்வொரு ஊராகக் கழிந்துகொண்டே வரும்.

பசிக்கும் முன் சாப்பிட வேண்டும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட மோர் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பரோட்டாவை மட்டும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. உணவுப் பையைத் திறந்து வைத்தால் குரங்குகள் கொண்டுபோய்விடும். 2,000 மீட்டரை நெருங்கும்போது காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்; அப்போது மூச்சு வாங்குவதற்கு உடல் தளர்ச்சி மட்டும் காரணமன்று.

எட்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை, இறக்கம்

ஏறிய அன்றே இறங்கிவிடலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சொல்கிறார். ஒவ்வோர் ஆண்டும் நான் மறுக்கிறேன். சோர்ந்த கைகளோடு, சனிக்கிழமை மாலை மேலே ஏறிவரும் கார் வரிசைக்கு எதிராக இறங்குவது வீண் துணிச்சல். இரவு தங்கி, காலை ஏழு மணிக்கு மூடுபனி விலகியதும் இறங்கினால் சாலை ஏறக்குறைய நம்முடையதாக இருக்கும்.

எண்பது கிலோ எடை 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் பாதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொண்டாலும், மீதிப் பாதி பிரேக்கில் வெப்பமாகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். முதல் ஆண்டு இது தெரியாமல், பயத்தில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். டம்டம் பாறைக்குச் சற்று மேலே பின் டியூப் வெடித்தது. நேர்ச்சாலையாக இருந்ததால் தப்பினேன். ரிம்மைத் தொட்டுப் பார்த்தபோது தோசைக்கல்லைத் தொட்டது போல விரல் சுட்டது.

ஆகவே பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கக் கூடாது. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விட வேண்டும், அது ஆறும். முன்னும் பின்னும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துக்கொண்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் எடையை ஊன்றி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். நம் பாதியைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குச் சக்கரம் போகவே கூடாது, ஏனெனில் வளைவில் பேருந்துக்கு முழுச் சாலையும் தேவைப்படும். மலையில் ஏறும் வண்டிக்கே வழி விட வேண்டும் என்பது விதி. ஹாரன் கேட்டதும் இடது ஓரத்தில் நின்றுவிட வேண்டும். மரநிழல் விழும் வளைவுகளில் இரவுப் பனி காய்ந்திருக்காது. காட்டு மாடு சாலையில் நின்றால் அது போகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை, வேறு வழியைத் தேடவும் கூடாது.

மேலே குளிர் பத்து டிகிரிக்கு அருகில் இருக்கும். மிதிக்காமல் இறங்கும் உடலில் வெப்பம் உண்டாவதில்லை. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது என்பதால் கையுறை அலங்காரமன்று. காற்றுப் புகாத மேற்சட்டை இல்லாதவர்கள் பழைய செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொள்ளலாம். பழைய ஓட்டக்காரர்களின் இந்த உத்தி இன்றும் வேலை செய்கிறது. முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். பெருமாள்மலையிலும் ஊத்திலும் டம்டம் பாறையிலும் எல்லோரும் கட்டாயம் நின்று, பிரேக்கை ஆறவிட்டு, கட்டையைப் பார்த்து, தலையை எண்ண வேண்டும். யாருக்காவது கை நடுங்கினால் வெட்கப்படாமல் துணை வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். விபத்து என்றால் 108-ஐ அழைக்கும்போது சொல்வதற்காக, கடந்து வந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குழுத் தலைவர் மனத்தில் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

காட்ரோடு டீக்கடையில் விழாப் பொறுப்பாளர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவரும் நேரில் வந்து நின்ற பிறகே அவர் பெயருக்கு எதிரே கோடிட வேண்டும். ‘பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்’ என்ற வார்த்தையை நம்பிக் கோடிடக் கூடாது. கடைசிப் பெயரும் அடிக்கப்பட்ட பிறகு துணை வண்டிக்குச் செய்தி சொல்லி, மேலே யாரும் இல்லை என்று அவர்கள் உறுதி செய்ததும், எல்லோருக்குமாக வடை சொல்லலாம்.